ஆறு மா நிலமும் மூன்று எழுத்தும்

போன மாதம் நம் கூட்டத்திலிருந்து நான் பாதியில் எழுந்து போனதற்கு முட்டிவலி காரணமில்லை. கோபம்தான். மடியில் ஏழு வயதுப் பையனை வைத்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் வந்திருந்தாளே, மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு டாக்டரிடம் போகிறேன், என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டாளே, அவளுக்கு நம்மில் ஒருவர் யோசனை சொன்னார்: "புள்ளைக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லிடும்மா. அவன் பேச ஆரம்பிச்சா வாயப் பொத்து. அப்பத்தான் ஏதாச்சும் கிடைக்கும்." நீங்களெல்லாம் தலையாட்டினீர்கள். அந்தப் பையன் உங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தான். நான் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நம் எல்லாருக்கும் அறுபது தாண்டிவிட்டது. அண்ணன், அக்கா, தம்பி என்று யாராவது ஒருவரை, வயசு ஏறியும் புத்தி ஏறவில்லை என்று ஊர் சொன்ன ஒருவரை, காலமெல்லாம் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் நாம். என் அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகும் நான் கூட்டத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கிறேன், வேறு எங்கே போவது? அவன் தவளையைப் பிடித்துச் சட்டைப்பையில் போட்ட கதை, கல்யாண வீட்டில் மேளக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுந்திருக்க மாட்டேன் என்ற கதை எல்லாம் சொல்லி உங்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. கேட்டுவிட்டுப் பிறகு திட்டுங்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. அண்ணனுக்குப் பத்தொன்பதோ இருபதோ. திருவாரூருக்குத் தெற்கே வாய்க்கால் ஓரத்துக் கீழத்தெருவில் எங்கள் வீடு. பண்ணையின் நிலத்தில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், அப்பா குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்துவந்தார். முந்திய வருஷம் மஞ்சள் காமாலையில் அவர் போய்விட்டார். கழக ஆட்சி வந்த புதிது. உழுகிறவன் பெயரைக் குத்தகைதாரன் என்று சர்க்கார் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் பண்ணை நினைத்த நேரத்தில் விரட்ட முடியாது. அதனாலேயே பெயர் ஏறுவதற்குள் ஆட்களைக் கிளப்பிவிடப் பார்த்தார்கள். ஊருக்கு ஊர் அடிதடி, வழக்கு. வரப்பில் நட்ட சிவப்புக் கொடி மறுநாள் வாய்க்காலில் மிதக்கும்.

அண்ணனை மேலத்தெரு என்னென்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதே பெயர்கள்தான் கிடைத்திருக்கும். ஆனால் கீழத்தெருவில் அவை புழங்காது. பெரியம்மா விடமாட்டாள். அப்பாவின் அண்ணன் சம்சாரம் அவள், பன்னிரண்டு பெண்கள் சேர்ந்த நடவுக் கூட்டத்துக்குத் தலைவி. "எம் புள்ளைய எவளாவது அப்படிச் சொன்னா நாக்க இழுத்து வச்சு அறுத்துடுவேன்" என்பாள். கையில் எந்நேரமும் கருக்கரிவாள் இருக்கும் என்பதால் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. 'வெள்ளந்தி' என்ற ஒரு சொல்லுக்குத்தான் தெருவில் அனுமதி.

அண்ணனுக்கு எண்ணத் தெரியாது. மூன்றுக்கு மேல் போனால் எல்லாமே "நெறைய". நடவு வயலில் அவனுக்கு வேலை, நாற்றைக் கட்டிய முடிகளைச் சுமந்துவந்து நடுகிறவர்களுக்கு முன்னால் வீசுவது. பார்க்க சுலபமாக இருக்கும். இடைவெளி தவறினால் ஒரு பக்கம் நாற்று குவிந்து கிடக்கும், இன்னொரு பக்கம் பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். பெரியம்மா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். காலையில் நொச்சிக் குச்சிகளை ஒடித்து அவன் இடுப்பில் செருகிவிடுவாள். ஒரு முடி வீசினால் வரப்பில் ஒரு குச்சியைக் குத்த வேண்டும். இடுப்பு காலியானால் அந்த வயலுக்கு அவ்வளவுதான், கரையேறி உட்காரலாம். அவன் வீசிய முடி சேற்றில் சாயாமல் குத்திட்டு நிற்கும். அப்படி நின்றால் பெண்கள் அத்தனை பேரும் குலவையிடுவார்கள். அதற்காகவே குறி பார்த்து வீசுவான். அப்போதுதான் பறித்த நாற்றின் வேரில் ஒரு பச்சைச் சேற்று வாசனை இருக்கும். அவன் சட்டையை எத்தனை தடவை துவைத்தாலும் அது போகாது.

அப்பா இறந்த அடுத்த பங்குனியில் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. "தேர் பாக்க அழைச்சுட்டுப் போறேன், பாவம், அவனும் ஊர் உலகத்தைப் பாக்கட்டும்" என்று அண்ணனைத் திருவாரூருக்குக் கூட்டிப்போனார். சாயங்காலம் தனியாகத் திரும்பினார். கூட்டத்தில் கையை விட்டுவிட்டான், தேடாத இடமில்லை என்றார். சொல்லும்போது அம்மாவைப் பார்க்கவில்லை. பெரியம்மாவும் நடவுக் கூட்டத்துப் பெண்களும் விடிந்ததும் நடந்தே போனார்கள். மூன்றாம் நாள் அண்ணனைக் கண்டுபிடித்தார்கள். தேரடிக்கு அருகில் பெட்டிக்கடை வைத்திருந்த ஒரு பாய் அவனைக் கடையோரத்தில் உட்கார வைத்து, டீயும் பொறையும் கொடுத்துக் காவல் காத்திருந்தார். "அழைச்சுட்டு வந்தவர் இங்கயே இருன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டாரும்மா. நான் பாத்தேன்" என்று பாய் சொன்னாராம். அண்ணன் அந்த மூன்று நாளும் சொன்ன இடத்தைவிட்டு நகரவே இல்லை.

பிறகு அம்மா சரியாகத் தூங்கியதாக எனக்கு ஞாபகமில்லை. நான் செத்தால் இவன் தேரடிக்குப் போய்விடுவான் என்பது மட்டும்தான் அவள் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சோறு வடிக்கும்போது சொல்வாள், என் தலையில் பேன் பார்க்கும்போது சொல்வாள். எனக்கே சலித்துப்போய் "சும்மா இரும்மா" என்றிருக்கிறேன்.

ஆடியில் தண்ணீர் வந்தது. அதோடு விவசாயச் சங்கத்துத் தோழரும் வந்தார், பதிவுக்கு மனு எழுதிக் கொடுக்க. சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, "அக்கா, உங்க பேருலயே போட்டுடலாம். பிரச்சனையே இல்லை" என்றார்.

"வேண்டாம் தம்பி. அவன் பேர்ல எழுதுங்க."

"அவனை விசாரிப்பாங்க அக்கா. பண்ணைக் காரியக்காரர் சும்மா இருப்பாரா?"

"எம் பேர்ல இருந்தா நான் போனதும் எந்தம்பி வந்து உக்காந்துக்குவான். அவனைக் கொண்டுபோய்த் தேரடில விட்டுருவான். அவன் பேர்ல இருந்தா? சோறு போடுற நெலத்தை எவனாச்சும் தேரடில விட்டுட்டு வருவானா? நெலத்துக்காகவாச்சும் அவனை வச்சுக் காப்பாத்துவாங்கல்ல?"

தோழர் பேனா மூடியைக் கடித்துவிட்டு, "சரி. ஒண்ணு சொல்றேன். அவனுக்குப் புத்தி அப்படி இப்படின்னு யாரும் வாய் தவறிக்கூடப் பேசக் கூடாது. தெருவே ஒத்தக் குரல்ல நிக்கணும்" என்றார். பெரியம்மா, "எங்களுக்கு நீங்க சொல்லித் தரணுமாக்கும்" என்றாள்.

அன்றிலிருந்து அண்ணனுக்குப் பாடம் நடந்தது. உன் நிலம் எத்தனை மா? ஆறு மா. யார் சாகுபடி? நான்தான். அப்பா பெயர் என்ன? நடவு வயலில் பெண்கள் குனிந்தபடியே கேள்வி கேட்பார்கள், அவன் கரையிலிருந்து பதில் சொல்வான். சரியாகச் சொன்னால் குலவை. தப்பாகச் சொன்னால், "அட கிறுக்கா" என்று வாய்வரைக்கும் வந்ததைப் பெரியம்மாவின் முறைப்பைப் பார்த்து ஒருத்தி விழுங்கிக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பெயர் எழுதக் கற்றுக்கொடுக்கிற வேலை என்னுடையது. நான் அஞ்சாவது படித்தேன், தெருவிலேயே பெரிய படிப்பு. அண்ணன் பெயர் மூன்று எழுத்து. முதல் எழுத்தில் ஒரு சுழி வரும். அந்தச் சுழியைத்தான் அவன் எப்போதும் எதிர்ப்பக்கமாகப் போடுவான். என் சிலேட்டு, ஒரு மூலை உடைந்தது, பலப்பம் கிறீச்சிடும். அந்தச் சத்தத்துக்கு அவன் காதைப் பொத்திக்கொள்வான், அதனால் வெளியே போய்விட்டோம். நாற்றங்கால் ஓரத்து ஈரச் சேற்றில் விரலால் எழுதினோம். சேறு அவனுக்குப் பழக்கம். ஒவ்வொரு தடவை எழுதி முடித்ததும் என் முகத்தைப் பார்த்து, "சரியா பாப்பா?" என்பான். நான் "சரிண்ணே" என்று சொன்னால்தான் விரலை எடுப்பான். தப்பு என்றால் உள்ளங்கையால் தேய்த்து மறுபடியும் முதலிலிருந்து. எனக்கு அந்த அதிகாரம் ரொம்பப் பிடித்திருந்தது. வாத்தியார் என்னைக் கிள்ளுவதுபோலவே நான் அவன் காதைக் கிள்ளியிருக்கிறேன், இருபது வயதுப் பிள்ளையை, வெட்கமில்லாமல்.

இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு நாள் மூன்று எழுத்தும் வந்துவிட்டன. சுழி மட்டும் தலைகீழ். அம்மா அந்தச் சேற்றைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "இதான் அவனா?" என்று கேட்டாள். "இதான்" என்றேன். அன்று மழை பெய்யப்போகிறது என்று தெரிந்து, அதன் மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து வைத்தாள்.

புரட்டாசியில் பள்ளிக்கூடத்தில் விசாரணை. பதிவு அதிகாரி வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பண்ணை வரவில்லை, காரியக்காரர் வந்திருந்தார். பண்ணையின் நில விவகாரமெல்லாம் பார்ப்பவர், வெற்றிலைப் பெட்டியும் சிரித்த முகமுமாக இருப்பார். "ஐயா, பையன் ஒரு மாதிரி. அவனுக்குச் சாகுபடி எங்க தெரியும்?" என்றார்.

பெரியம்மா பாய்ந்துவிட்டாள். "யாருக்குங்க தெரியாது? நாத்து எடுத்து வீசறது யாரு? மடை கட்டறது யாரு? காரியக்காரரு வந்து நட்டாராமா?" பன்னிரண்டு பெண்களும் ஒருத்தர் விடாமல் சத்தியம் செய்தார்கள். அவனுக்கு ஒரு குறையும் இல்லை, தெருவில் எந்த ஆம்பளையையும்போல அவனும் ஒரு ஆள் என்று.

அதிகாரி அண்ணனைக் கூப்பிட்டார். நீலச் சட்டை, எண்ணெய் தேய்த்த தலை. ஆறு மா, நான்தான், அப்பா பெயர், எல்லாம் வந்தது. பிறகு அவர் பாடத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டார். "இப்ப வயல்ல என்னப்பா நட்டிருக்க?"

அம்மா என் தோளை அழுத்தியது எலும்பில் வலித்தது. அண்ணன் யோசித்தான். பிறகு சொன்னான், "நாத்து."

அதிகாரி சிரித்தார். "சரியாத்தானே சொல்றான்!" என்றார். எல்லாரும் சிரித்தோம். "கைநாட்டா?" என்று மைப்பெட்டியை நகர்த்தினார். அம்மா, என் அம்மா, அந்தப் பள்ளிக்கூடமே கேட்கும்படி, "இல்லீங்க, எழுதுவான்" என்றாள்.

எழுதினான். வெகுநேரம் ஆயிற்று. அதற்குள் அதிகாரி அடுத்த மனுக்காரரைக் கூப்பிட்டு விசாரிக்க ஆரம்பித்திருந்தார். வேர்வை மூக்கு நுனியில் நின்றது. முடித்ததும் அதிகாரியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் தேடினான். "சரியா பாப்பா?" சுழி எதிர்ப்பக்கம்தான் இருந்தது, ஆனாலும் "சரிண்ணே" என்றேன். வெளியே வந்ததும் பெண்கள் போட்ட குலவையில் பள்ளிக்கூடத்து மரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. காரியக்காரர் மட்டும் உள்ளேயே நின்று அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அப்போது தோற்றவன் முகம் அது என்று நினைத்துக்கொண்டு நான் அவருக்கு வக்கணை காட்டினேன்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் அண்ணன் சட்டைப்பையில் பேனாவோடு வந்தான். மை ஊற்றி எழுதுகிற பேனா, பச்சை நிறம், பித்தளை முள். "காரியக்காரர் குடுத்தாரு" என்றான். அம்மா முகம் மலர்ந்தது. "பாத்தியாடி, பேர் ஏறினதும் மரியாதை தானா வருது." நான் அந்தப் பேனாவுக்காக அழுது புரண்டேன், எனக்குத்தானே பள்ளிக்கூடம் என்று. அண்ணன் எதையும் யாருக்கும் கொடுத்துவிடுகிறவன், அதை மட்டும் தரவில்லை. அதற்குப் பிறகு தினமும் அதைக் குத்திக்கொண்டுதான் வயலுக்குப் போனான். எதற்காகக் கொடுத்தார் என்று ஒரு பெரிய மனுஷியும் கேட்கவில்லை. அவனுக்கு யாராவது ஒன்றைக் கொடுப்பது அவ்வளவு அபூர்வம், நாங்கள் அதிலேயே மயங்கிவிட்டோம்.

கார்த்திகையில் நோட்டீஸ் வந்தது. தோழர் படித்தார், பாதியில் நிறுத்தினார், வேலியோரம் போய்த் துப்பிவிட்டு வந்து மறுபடியும் படித்தார். குத்தகையை நானே மனமுவந்து விட்டுவிட்டேன் என்று எழுதிக் கொடுப்பதை எங்கள் பக்கம் ராஜிநாமா என்பார்கள். அண்ணன் ராஜிநாமா எழுதிக் கொடுத்திருந்தான். கதிர் வாங்கி நிற்கிற ஆறு மாவும் பண்ணைக்கு.

அம்மா அவனைக் கூப்பிட்டாள். "காரியக்காரர்ட்ட எதுலயாச்சும் எழுதினியாப்பா?"

"எழுதினேன்" என்றான், முகம் முழுக்கச் சிரிப்பு. "உனக்கு எழுதத் தெரியாதுன்னு சொன்னாரு. தெரியும்னு எழுதிக் காமிச்சேன்." பிறகு என்னிடம் திரும்பி, "பாப்பா, சுழி இந்தப் பக்கம் போட்டேன்" என்று காற்றில் போட்டுக் காட்டினான். சரியான பக்கம். தோழர் கையிலிருந்த நகலில் நானும் பார்த்தேன். இரண்டு மாதம் சேற்றில் வராத சுழி அந்தத் தாளில் அச்சாக வந்திருந்தது.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அண்ணன் பயந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் அடித்துக்கொண்ட இடத்தைத் தடவிக் கொடுத்தான். அவனுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தோம். யார் நீட்டினாலும் எழுதாதே, எங்களிடம் கொண்டுவந்து காட்டு என்று ஒரு வார்த்தை கற்றுக்கொடுத்தோமா? தெருவே சேர்ந்து, அவனுக்கு ஒரு குறையுமில்லை என்று சத்தியம் பண்ணியதில், அவனுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும் என்பதையே நாங்கள் மறந்துபோனோம். நடவு வயலில் நொச்சிக் குச்சி ஒடித்துக் கொடுக்கத் தெரிந்த பெரியம்மாவுக்குக்கூட அது தோன்றவில்லை.

தோழர் திருவாரூரில் வக்கீலைக் கேட்டு வந்தார். ஒரே வழிதான். பையனுக்குப் புத்தி சுவாதீனம் இல்லை என்று தாயே சொல்ல வேண்டும். அப்போது ராஜிநாமா செல்லாது. நிலத்தை அம்மா பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். "இன்னொண்ணு அக்கா" என்று தயங்கினார். "எழுதத் தெரியும்னா அதிகாரி நம்ப மாட்டாரு. தெரிஞ்சுதான் போட்டிருக்கான்னு முடிச்சிடுவாரு. அவனுக்கு எழுத்தே தெரியாது, கையப் பிடிச்சு எழுத வச்சாங்கன்னு சொல்லணும். அன்னிக்கு அவரு அடுத்த மனுவைப் பாத்துட்டிருந்தாரு, இவன் எழுதினதைப் பாக்கல. அன்னிக்கும் தோழர்தான் பிடிச்சு எழுத வச்சாருன்னு என் தலையில போடுங்க, பரவாயில்லை."

"எம் வாயால சொல்ல மாட்டேன்" என்றாள் அம்மா. இரண்டு நாள் அதையே சொன்னாள். பெரியம்மா வந்து, "நாங்க சத்தியம் பண்ணினது பொய்யின்னு சொல்லிட்டுப் போறோம், ஜெயில்ல போடறானா, போடட்டும். நீ சொல்லுடி" என்று கெஞ்சினாள். அம்மா அசையவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மாமா வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். நிலம் போன செய்தி அவருக்கு எட்டியிருந்தது. "கவலைப்படாதக்கா. தை பொறந்ததும் நான் இவனை அழைச்சுட்டுப் போறேன். நாகூர்ல, வேளாங்கண்ணில எங்கயாச்சும் நாலு பேரோட நாலு பேரா இருந்துப்பான். சோத்துக்குக் குறையிருக்காது" என்றார். அண்ணன் அவர் கையிலிருந்த பழத்தைப் பார்த்துச் சிரித்தான். அம்மா எழுந்து வந்து, தோழரைக் கூப்பிடச் சொல்லி என்னை அனுப்பினாள்.

மார்கழியில் தாலுகா ஆபீஸில் விசாரணை. பஸ் ஏறும் முன்னால் அம்மா அண்ணனின் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டாள். "எம் பேனா, எம் பேனா" என்று வழியெல்லாம் அழுதான். அது பிறகு என்னவாயிற்று என்று தெரியாது. இடுப்பில் செருகியிருந்தாள், திரும்பும்போது இல்லை.

அதே அதிகாரி. எதிரில் காரியக்காரர், அதே வெற்றிலைப் பெட்டி. அண்ணன் எங்கள் நடுவில் நின்றான். எங்கே நின்றாலும் நடுவில்தான் நிற்பான். அவன் முன்னாலேயே எல்லாம் நடந்தது. அவனை வெளியே உட்கார வைக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அவனுக்கு என்ன புரியப்போகிறது என்ற எண்ணம்தான்.

"எம் புள்ளைக்குப் புத்தி சுவாதீனம் இல்லீங்க" என்றாள் அம்மா. அண்ணன் "ஆறு மா, நான்தான்" என்று படித்ததுபோலவே அவளும் மூன்று நாளாக அதைச் சொல்லிச் சொல்லிப் படித்திருந்தாள். குரலில் ஒன்றுமே இல்லை.

அதிகாரி பெரியம்மாவைப் பார்த்தார். "நீதானே அன்னிக்கு ஒரு குறையுமில்லேன்னு சத்தியம் பண்ணினே?"

"பாசத்துல சொல்லிட்டேன் ஐயா."

"அப்ப பொய்தானே?"

பெரியம்மா என் அண்ணனைப் பார்த்தாள். "ஆமாங்க" என்றாள். அவள் அழுது நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

காரியக்காரர் பவ்யமாக எழுந்தார். "ஐயா, இந்தக் கையெழுத்தைப் பாருங்க. கையப் பிடிச்சு எழுதினா இவ்வளவு தெளிவா வருமா? பையனுக்கு எழுதத் தெரியும். ஊருக்கே தெரியும். இந்தத் தங்கச்சிதான் சொல்லிக்கொடுத்துச்சு."

அதிகாரி தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். முகம் மாறியது. பிறகு என்னைப் பார்த்துக் கையசைத்துக் கூப்பிட்டார். "பாப்பா, இங்க வா. எத்தனாவது படிக்கிற?"

"அஞ்சாவதுங்க."

"பள்ளிக்கூடத்துப் புள்ள பொய் சொல்லாது. சொல்லு, உங்க அண்ணனுக்கு எழுதத் தெரியுமா?"

மேஜையில் மைப்பெட்டி திறந்திருந்தது. அந்த மையின் நெடி இப்போதும் எந்த ஆபீசுக்குள் நுழைந்தாலும் என் மூக்கில் ஏறும். அம்மாவின் கால் பெருவிரல் தரையை நிரடிக்கொண்டிருந்தது. யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. என்னைக் கேட்பார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் பத்து வயதுக்கு அது தெரியாதா? 'தெரியும்' என்றால் தேரடி. அவ்வளவுதான் கணக்கு.

"தெரியாதுங்க" என்றேன்.

அண்ணன் என் பக்கம் திரும்பினான். கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். சேற்றில் எழுதி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பானே, அதே பார்வை.

"தெரியாதா பாப்பா?" என்றான்.

அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாதுண்ணே."

அண்ணன் அதிகாரியிடம் திரும்பி, எங்கள் பாடத்தில் ஒரு பதிலைத் திருத்திச் சொல்வதுபோல, "தெரியாதுங்க" என்றான். அம்மா அவன் கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்து, காட்டிய இடத்தில் அழுத்தினாள்.

நிலம் அம்மா பெயருக்கு வந்தது. தையில் அறுத்தோம். மாமா அதற்குப் பிறகு வரவில்லை. அம்மா இருந்தவரை அவனுக்குச் சோற்றுக்குக் குறைவில்லை, அவளுக்குப் பிறகு முப்பது வருஷத்துக்கும் மேல் என் வீட்டில் இருந்தான். அவனைத் தேரடியில் யாரும் விடவில்லை. அதனால் நான் செய்தது தப்பு என்று உங்களிடம் சொல்ல வரவில்லை. அந்தச் சின்னப் பெண்ணுக்கு என்ன சொல்வது என்றும் எனக்குத் தெரியவில்லை. போய் அந்தப் பையனிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பிறகு டாக்டரிடம் போ என்று சொல்லலாமோ என்னவோ. எனக்கு அன்று அதுகூடத் தோன்றவில்லை.

எத்தனை தடவை அவன் கையில் பென்சிலைத் திணித்திருப்பேன் தெரியுமா? என் பிள்ளைகள் படிக்கும்போது, பேரப்பிள்ளைகள் படிக்கும்போது, மழை விட்ட வாசல் சேற்றில் அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து. "உன் பேரை எழுதுண்ணே, மூணே எழுத்து, உனக்குத் தெரியும்" என்பேன். கையைப் பின்னால் கட்டிக்கொள்வான். நான் எதையோ மறந்துவிட்டேன், எனக்கு ஞாபகப்படுத்த வேண்டும் என்பதுபோல, பொறுமையாகச் சொல்வான்.

"எனக்குத் தெரியாது பாப்பா. நீதானே சொன்னே."